அக்கா பங்காளியான நாள்

கூறு போட்ட கல்லை ராஜா பிடுங்கி வரப்பில் வீசிய இடத்தில் போன வாரம் விட்டோம். கல் யார் தலையிலும் விழவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் அது விழுந்த சேதி குன்னம் டீக்கடை வரைக்கும் போய்விட்டது. சாமிதுரை செத்து வருஷம் திரும்பவில்லை, மகன்கள் புஞ்சைக் காட்டில் நின்று கட்டிப் புரள்கிறார்கள் என்று ஊரே வாயில் போட்டு மென்றது.

முறை என்னவோ பழைய முறைதான். பெரியவன் கூறு வைக்க வேண்டும், சின்னவன் முதலில் எடுக்க வேண்டும். பெரியவன் குருமூர்த்தி வைத்த கூறில் கிணறு ஒரு பக்கமும் கிணற்றுக்குப் போகிற பாதை இன்னொரு பக்கமும் இருந்தால் சின்னவன் எதைத்தான் எடுப்பான்? கல்லைத்தான் எடுத்தான்.

அப்புறம் அவனே ஒரு வழியும் சொன்னான். ராஜா சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகஸ்தன். அவனுக்குத் தோன்றுகிற வழியும் கம்ப்யூட்டர் வழியாகத்தானே இருக்கும்! பெரம்பலூரில் வக்கீல் வெற்றிச்செல்வி ஒரு சமரச மையம் நடத்துகிறாள். அங்கே இதற்கென்றே ஒரு சிஸ்டம் இருக்கிறது. சொத்தை இனம் இனமாக அதில் எழுதிவிட வேண்டும். ஆளுக்கு நூறு புள்ளி. எது ரொம்ப வேண்டுமோ அதற்கு அதிகம், மற்றதற்குக் கொஞ்சம். ஒருத்தர் போட்டது அடுத்தவருக்குத் தெரியாது. அவரவருக்கு மனசில் இருப்பது அவரவருக்குக் கிடைக்கிற மாதிரி ஒரு பங்கீட்டை அது கணக்குப் பார்த்துச் சொல்லும். பிடித்தால் 'சம்மதம்' அமுக்கலாம், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம்.

அண்ணனும் தம்பியும் ஒரு வாரமாகப் போனை மறைத்து மறைத்துப் புள்ளி போட்டார்கள். இன்றைக்கு முடிவு.

அக்கா வேணி அங்கே எதற்குப் போனாள் என்று கேட்பீர்கள். அவள் கையெழுத்துப் போடப் போனாள்.

வேணி இவர்கள் இருவருக்கும் மூத்தவள். விக்கிரமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் வேறொருத்தியைக் கூட்டிவந்த அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு குன்னம் திரும்பியவள். வந்த மறுநாள் காலையில் கிணற்றுக் காட்டில் மண்வெட்டியோடு நின்றாள். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் எல்லாமே அவள் பாடுதான்.

அக்காவுக்கும் சட்டப்படி சரிபங்கு உண்டு. அதை வேண்டாம் என்று தம்பிகள் பேருக்கு எழுதிக் கொடுக்கிற காகிதத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாருக்கு யாரிடமிருந்து விடுதலை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. வேணியும் கேட்கவில்லை. தம்பிகள் அடித்துக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்று நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

சமரச மையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. கூடத்தில் ஒரு மேஜை, அதன் மேல் பெரிய திரை, மேஜைக்கு எதிரில் இரண்டு நாற்காலி. குருமூர்த்தி ஒன்றில் உட்கார்ந்தான். ராஜா இன்னொன்றில் உட்கார்ந்தான். வேணி சுவர் ஓரமாகக் கிடந்த பெஞ்சுக்குப் போனாள், அவளை யாரும் போகச் சொல்லவில்லை.

குருமூர்த்தி வெற்றிச்செல்வியை மேலும் கீழும் பார்த்தான். அரியலூரில் சிமெண்டுக் கடை வைத்திருப்பவன், யாரையும் விலை விசாரிக்கிற கண்.

"நீ நம்ம காட்டுல களை எடுத்த பாப்பாத்தி மவ தானே?"

"ஆமாங்க சார், அதே பாப்பாத்தி மகதான். இங்க 'நீங்க'ன்னுதான் பேசணும். ரெண்டு பக்கமும் அதான் விதி" என்றாள் வெற்றிச்செல்வி, சிரித்துக்கொண்டே. "ஆரம்பிக்கலாங்களா?"

குருமூர்த்தி நாற்காலியில் நேராக உட்கார்ந்தான். வேணிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. தம்பிக்கு இப்படிப் பதில் சொல்லலாம் என்றே அவளுக்கு இத்தனை நாள் தெரியாது.

வெற்றிச்செல்வி திரையைத் திருப்பிப் பார்த்துப் படித்தாள். "மொத்தம் ஆறு இனம் குடுத்திருக்கீங்க. வூடு, மேட்டுக் காடு, ரோட்டோர மனை, டிராக்டர், இந்த நாலும் சுலபமாப் பிரிஞ்சுடுச்சு. கெணத்துக் காட்டுலயும் ஆறாவது இனத்துலயும்தான் இழுபறி. ரெண்டு பேருக்குமே அது ரெண்டும் வேணும்னு காட்டுது."

"ஆறாவது என்ன?" என்றான் குருமூர்த்தி, தெரியாதவன் மாதிரி.

"அதத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். 'அக்கா'ன்னு மட்டும் எழுதியிருக்கு. பசு மாடுங்களா? எங்க தெருவுல ஒரு மாட்டுக்கு அப்படித்தான் பேரு."

வேணி சிரித்துவிட்டாள். வாய்விட்டே சிரித்தாள். வீட்டில் இருக்கிற இரண்டு மாட்டுக்கும் அவள்தான் பேர் வைத்தவள், அதில் அக்கா என்று ஒன்றும் கிடையாது.

அப்புறம்தான் தம்பிகள் முகத்தைப் பார்த்தாள். ராஜா காது மடல் சிவந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாடு இல்லங்க மேடம்" என்றான் மெதுவாக. "எங்க அக்காதான். அதோ உக்காந்திருக்காங்களே. பாகம் பிரிச்சா அவங்கள யாரு வச்சுப் பாத்துக்கறதுன்னு ஒரு கேள்வி வருமில்ல, அதுக்காகப் போட்டேன்."

வெற்றிச்செல்வி திரையை விட்டுவிட்டுப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். வேணிக்கோ, சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதலில் கண் கலங்கியது. கோபத்தில் இல்லை. இரண்டு தம்பிகளுக்கும் நான் வேண்டுமாமே, எனக்காக இழுபறியாமே! புருஷனுக்கு வேண்டாதவளாகத் திரும்பி வந்தவளுக்கு அது பெரிய விஷயம்தானே? முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரியவனையும் விடமுடியாது, சின்னவனையும் விடமுடியாது, யாரோடு இருப்பேன் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள்.

அந்த ஒரு நிமிஷம்தான்.

"பெரியவன் நான் இருக்கையில அக்கா எங்கூடதான் இருக்கணும்" என்றான் குருமூர்த்தி.

"அப்ப கெணத்துக் காட்ட எனக்கு வுட்டுரு, அக்காவ நீ வச்சுக்க" என்றான் ராஜா.

"காட்ட வுட்டுட்டு அக்காவ மட்டும் வச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது?"

"அதான் சொல்றேன்! அக்கா இல்லாம கெணத்துக் காட்ட வாங்கி நான் மட்டும் என்ன பண்றது? நான் மெட்ராஸ்ல இருக்கேன். எந்த வாய்க்கா எப்பத் தொறக்கணும், எந்த ஆளக் கூப்புடணும், எல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும்." ராஜா வெற்றிச்செல்வி பக்கம் திரும்பினான். "மேடம், அத ரெண்டு இனமாப் போட்டதுதான் தப்புன்னு நெனைக்கிறேன். ஒண்ணாச் சேத்துடுங்க. அக்கா காட்டோட சேத்தி."

காட்டோடு சேர்த்தி.

வேணி அந்த வார்த்தையை எங்கே கேட்டிருக்கிறாள் என்று தேட வேண்டியதில்லை. நிலம் விற்கிறவர்கள் சொல்வதுதான். கிணறு சேர்த்தி, வேலி சேர்த்தி, வேப்பமரம் சேர்த்தி. அவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"ராஜா."

"அக்கா, நீ தப்பா எடுத்துக்காத. உன்ன நடுத்தெருவுல வுட்டுடக் கூடாதுன்னுதான் நான் போட்டேன்."

"நீ என்னைய மறந்து போயிருந்தாக்கூட எனக்கு இவ்ளோ வலிச்சிருக்காது தம்பி. ஞாபகம் வச்சு, டிராக்டருக்கு அடுத்தாப்புல எழுதியிருக்க பாரு!"

"இப்ப என்ன ஆயிப்போச்சு?" குருமூர்த்தி எரிந்து விழுந்தான். "யாரு வச்சுக் கஞ்சி ஊத்தறதுங்கற நல்ல எண்ணத்துலதான் எழுதியிருக்கான். கையெழுத்தப் போட்டுட்டு வந்தமா போனமான்னு இரு."

"யாரு யாருக்குக் கஞ்சி ஊத்துனது?" வேணியின் குரல் உயர்ந்தது. "உன் கடைக்கு மொதல் சரக்கு எறக்குனது எந்த வருஷத்து வெங்காயத்துலன்னு உனக்குத் தெரியாது? இவன் காலேஜுக்குப் போன பஸ் காசு எந்தப் பருத்தியில வந்துச்சு? நான் உங்க வூட்டுல சும்மா ஒக்காந்து தின்னேனாடா?"

வேணி மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றிக்கொண்டாள்.

"வக்கீலம்மா, அதுல இருந்து என் பேர எடுங்க."

"எடுத்துடறேன்மா. ஒரு ஆளப் பங்கு போட இந்த சிஸ்டத்துக்கும் உரிமை இல்ல, எனக்கும் இல்ல. படிச்ச ஒடனே நான் கேட்டிருக்கணும். என் தப்பு." வெற்றிச்செல்வி கீபோர்டைத் தட்டினாள். "எடுத்தாச்சு. விடுதலைப் பத்திரம் தயாரா இருக்கு. கையெழுத்துப் போடறதும் போடாததும் உங்க இஷ்டம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது."

"போடலன்னா?"

"போடலன்னா நீங்க மூணாவது தரப்பு. உங்களுக்கும் நூறு புள்ளி. எல்லாரும் மொதல்லேர்ந்து போடணும்."

குருமூர்த்தி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம். அவ போடறேன்னு ஒத்துக்கிட்டுத்தான் வந்தா."

"ஒத்துக்கிட்டது நெசம்" என்றாள் வேணி. "அப்ப நான் அக்காவா வந்தேன். மாடு கன்னோட சேத்து எழுதுவீங்கன்னு தெரிஞ்சு வரல. நான் போட மாட்டேன். மூணாவது தரப்புன்னு என் பேர எழுதுங்க வக்கீலம்மா. சாமிதுரை மக வேணின்னு முழுசா எழுதுங்க."

உள்ளே பிளைவுட் தடுப்பு வைத்த ஒரு சின்ன அறை இருந்தது. வேணியை அங்கே உட்கார வைத்து, முன்னால் ஒரு டேப்லெட்டை வைத்தாள் வெற்றிச்செல்வி. தடுப்புக்கு அந்தப் பக்கம் தம்பிகள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் போனும் கையுமாக இருந்தார்கள்.

"புள்ளி போடறதுக்கு முன்னாடி இது ஒரு கேள்வி கேக்கும். எல்லாருகிட்டயும் கேக்கும். உடன்பாடு வரலன்னா நீங்க என்ன செய்வீங்க?"

"தம்பிங்க என்ன எழுதுனாங்க?"

"அத நான் சொல்லக் கூடாது. இதுக்குப் பதில் வச்சிருக்கறவங்கதாம்மா பயப்படாமப் பேச முடியும். நீங்க பேசுங்க, அதுவே எழுதிக்கும்."

வேணி திரையைப் பார்த்தபடி இருந்தாள். உடன்பாடு வராவிட்டால் என்ன செய்வேன்? இத்தனை வருஷமாக அவள் இந்தக் கேள்வியின் பக்கமே போனதில்லை. போனால் கீழே தரை இருக்காது என்று பயம். குருமூர்த்தி முகம் சுளித்தால் சாப்பாட்டைத் தள்ளி வைத்திருக்கிறாள். அவன் பெண்டாட்டி வளர்மதி கொடியில் இடம் இல்லை என்றால் ஈரப்புடவையை வேலிமேல் போட்டிருக்கிறாள். போக இடமில்லாதவள் என்று தன்னைப் பற்றித் தானே முடிவு கட்டி வைத்திருந்தாள்.

சரி, போக இடம் இல்லையா? அவள் யோசித்தாள். வெங்காயம் ஊன்றுகிற நாளில் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் யாரைக் கூப்பிடுகிறார்கள்? குருமூர்த்தியையா? போன பட்டத்தில்கூட மேலத்தெருக்காரர் ஒருவர், "வெளியூர் போயிட்டோம், எங்க நெலத்தக் குத்தகைக்குப் பாத்துக்கறியா வேணி" என்று இரண்டு தடவை ஆளனுப்பினாரே! தம்பிகள் காடு என்று ஒன்று இருக்கையில் எப்படி என்று இவள்தான் மாட்டேன் என்றாள். என்ன புத்தி அது!

"சொல்லலாங்களா?"

"சொல்லுங்கம்மா. கொஞ்சம் மெதுவா. தடுப்புக்கு அந்தப் பக்கம் கேக்கும்."

"கேக்கட்டும்."

வேணி டேப்லெட்டைப் பார்த்துப் பேசவில்லை, தடுப்பைப் பார்த்துப் பேசினாள்.

"ஒத்து வரலன்னா நான் போயிடுவேன். எந்த ஊர்லயும் ரெண்டு ஏக்கரு குத்தகைக்குப் புடிச்சு என்னால பொழச்சுக்க முடியும். எனக்குக் கையிருக்கு, காலிருக்கு. பெரியவன் காட்டுலயும் நான் கால் வைக்க மாட்டேன், சின்னவன் காட்டுலயும் வைக்க மாட்டேன். யாரு எடுத்தாலும் அவங்களே தண்ணி கட்டிக்கட்டும், அவங்களே ஆளு தேடிக்கட்டும். போதுமா?"

"போதும்மா" என்றாள் வெற்றிச்செல்வி. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

சொல்லி முடித்த பிறகுதான் வேணிக்குத் தான் சொன்னது அத்தனையும் நிஜம் என்று உறைத்தது. மிரட்டலுக்குச் சொன்னதில்லை. அவளுக்கு மூச்சு நன்றாக வந்தது.

புள்ளி போட அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. நூறையும் தூக்கிக் கிணற்றுக் காட்டில் போட்டாள்.

"வூட்டுக்கு ஒண்ணுமே போடலயே? யோசிச்சுக்குங்க."

"அந்த வூட்டுல எனக்குத் துணி காயப்போட ஒரு கொடி கெடயாதுங்க. கெணத்துக் காட்டுல மோட்டார் ரூம் இருக்கு, கதவும் இருக்கு. போடுங்க அப்படியே."

மூன்று பேரும் முடித்ததும் கூடத்துக்கு வந்தார்கள். வெற்றிச்செல்வி இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தாள். வேணி அதில் உட்கார்ந்தாள்.

திரையில் முடிவு வந்தது. வெற்றிச்செல்வி படித்தாள். "வூடும் டிராக்டரும் குருமூர்த்தி சாருக்கு. ரோட்டோர மனையும் மேட்டுக் காடும் ராஜா சாருக்கு. கெணத்துக் காடு வேணியம்மாவுக்கு."

"அதெப்படி?" குருமூர்த்தி மேஜையில் அடித்தான். "கெணத்துக் காட்டப் போயி அவளுக்கு எழுதுமா அது? மெஷினு கெட்டுப் போயிருக்கும். இல்ல, நீங்க ரெண்டு பேரும் உள்ள போயி ஏதோ பண்ணிட்டீங்க."

"நீங்க போட்ட புள்ளியத்தான் சார் அது பாக்கும். கெணத்துக் காட்டுக்கு நீங்க எவ்ளோ போட்டீங்கன்னு உங்க போன்லயே இருக்கு. நீங்களே பாத்துக்கலாம்."

"நான் எங்க அதுக்குப் போட்டேன்? அதான் கால் வைக்க மாட்டேன்னு கத்துறாளே! அவ இல்லாத காட்ட வச்சுக்கிட்டு நான் என்ன நாக்கு வழிக்கவா?"

சொல்லிவிட்டு அவனே நின்றுவிட்டான். கூடத்தில் இருந்த நான்கு பேருக்கும் அது கேட்டது. ராஜா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நானும் எடுத்துட்டேன்" என்றான். "மொத தடவ அறுபது போட்டிருந்தேன். இந்தத் தடவ அஞ்சு."

வேணி இரண்டு பேரையும் பார்த்தாள். அவர்கள் ஒரு வாரமாக முட்டிக்கொண்டது காட்டுக்காக இல்லை. அதில் குனிந்திருந்த முதுகுக்காக. அது நிமிர்ந்ததும் காடு வேண்டாமாம். அப்பா இருந்தவரைக்கும் வேணி நல்ல உழைப்பாளி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், எவ்வளவு பெறுமானம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"சரி, வேணாம்னுட்டீங்க. எனக்கு வேணும்" என்றாள்.

அவள் விரலை நீட்டிச் 'சம்மதம்' அமுக்கினாள். ராஜா தலை குனிந்தபடியே தானும் அமுக்கினான். "மன்னிச்சுக்க அக்கா" என்றான். வேணி அவனைப் பார்க்கவில்லை. மன்னிப்பதா வேண்டாமா என்று அவளே இன்னும் முடிவு பண்ணவில்லை.

திரையில் குருமூர்த்தி பெயருக்கு நேரே மட்டும் 'நிலுவை' என்று நின்றது.

"அடுத்த வியாழன் வரைக்கும் உங்களுக்கு நேரம் இருக்கு சார்" என்றாள் வெற்றிச்செல்வி.

"நான் எதுக்கு அமுக்கணும்?" குருமூர்த்தி வேணியின் முன்னால் வந்து நின்றான். "ஒரே வூட்டு ஒலையில சோறு தின்னுட்டு எனக்கே பங்காளியா வந்து நிக்கறியா நீ? பங்காளின்னா ஆம்பளைக்கு ஆம்பள. பொம்பள எந்த ஊர்லயாவது பங்காளி ஆவாளா?"

"பங்கு இருந்தா பங்காளிதான்" என்றாள் வேணி.

"அப்படியா? அப்ப பங்காளிகிட்ட எப்படி நடந்துக்கணுமோ அப்படி நடந்துக்கறேன். இன்னைலேருந்து என் வூட்டுப் படி ஏறாத." அவன் போனை எடுத்து, எல்லார் முன்னாலும் காதில் வைத்தான். "டேய் செல்லதுரை! கெணத்துக் காட்டு மோட்டாரக் கழட்டி வண்டியில ஏத்திக் கடைக்குக் கொண்டாந்துடு. ஆமாண்டா, இப்பவே. காடுதான் பங்குல இருக்கு, மோட்டாரு இல்ல."

மாடிப்படி அதிர இறங்கிப் போனான். கிணற்றுக் காட்டில் வெங்காயம் ஊன்றி இன்னும் வேர் பிடிக்கவில்லை. இந்த வெயிலுக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் அத்தனையும் போய்விடும். அது அவனுக்கும் தெரியும்.

"அக்கா, கார்ல ஏறு, கொண்டுபோயி வுடறேன்" என்று ராஜா பின்னாலேயே ஓடிவந்தான்.

"வேணாம். பஸ் இருக்கு."

"மோட்டாரப் பத்திச் சேத்து எழுதலாம்மா. ஆனா அவரு சம்மதிக்கணும்" என்றாள் வெற்றிச்செல்வி, படிக்கட்டு மேலே நின்று.

"எழுதி வைங்க. நான் காட்டுக்குப் போறேன்."

பஸ் ஸ்டாண்டில் குன்னம் பஸ் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. வேணி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் செல்லதுரைக்குப் போன் போட்டாள். ஊரில் எல்லார் மோட்டாருக்கும் வைத்தியம் பார்க்கிறவன் அவன். போன பட்டத்தில் இதே மோட்டார் காயில் எரிந்து புதுசாகச் சுற்றியபோது கூலி கொடுத்தது வேணிதான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக, நம்பரைப் பார்க்காமலே எடுத்தான். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தமும் வாய்க்காலில் தண்ணீர் விழுகிற சத்தமும் தெளிவாகக் கேட்டது.

"அல்லோ, யாரு? அண்ணன் அவசரமா வேல சொல்லியிருக்காரு, சட்டுனு சொல்லுங்க."

"அந்த மோட்டார்ல கை வைக்காத செல்லதுரை. நான் வந்துக்கிட்டு இருக்கேன்."

"யாருங்க பேசறது?"

கண்டக்டர் விசில் ஊதினார். வேணி பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டு, முன் சீட்டிலிருந்து பின் சீட்டு வரைக்கும் திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"குருமூர்த்தியோட பங்காளி பேசறேன்!"

போன் வழியே கேட்டுக்கொண்டிருந்த மோட்டார் சத்தம் சட்டென்று நின்றது. செல்லதுரை அதைக் கழட்டத்தான் நிறுத்தினானா, வேணி பேச்சைக் கேட்டு நிறுத்தினானா, அடுத்த வாரம் பார்ப்போம்.